கப்பல் நமக்கு எதற்கு?

"சர்க்காருக்குக் கப்பல் எதற்கு? அது வியாபாரியின் வேலை. அதிலே வரிப்பணத்தைக் கொட்டலாமா?" என்று கேட்கிறார்கள் மேதாவிகள் சிலர். கேட்கட்டும்! பதில் சொல்ல நமக்கும் வாய் உண்டு.

தோழர்களே! சிவகாசி லித்தோ பிரஸ்ஸிலே காலண்டர் அச்சடிக்கும் தொழிலாளியைக் கேளுங்கள்: இயந்திரத்தைச் சுழற்றுவது எது? கரண்ட். அதிலே ஒரு பங்கு எங்கே பிறக்கிறது? தூத்துக்குடி அனல் மின் நிலையத்திலே. அங்கே எரியும் நிலக்கரி கரிசல் காட்டிலே விளைந்ததா? இல்லை. ஒடிசாச் சுரங்கத்திலே வெட்டி, பாரதீப் துறைமுகத்திலே ஏற்றி, கடல் வழியே வருவது. கப்பல் நின்றால் கரி இல்லை; கரி இல்லையேல் கரண்ட் இல்லை; கரண்ட் இல்லையேல் கூலி இல்லை!

அந்தக் கரியைக் கொண்டுவரத்தான் 1974-இல், கலைஞர் ஆட்சியிலே, பூம்புகார் கப்பல் கழகம் பிறந்தது. பின்னர் அதற்குச் சொந்தக் கப்பல்களும் வந்தன. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று பெயர். விருதுநகர் ஈன்ற காமராசரின் பெயரும் அலைகடலிலே மிதந்தது. அந்தக் கப்பல்கள் முதுமையுற்று ஓய்ந்தன. இன்று கரி வருவது வாடகைக் கப்பலிலே!

வாடகை என்றால் என்ன பொருள்? சந்தையிலே வண்டி குறைந்த நாளில் வண்டிக்காரன் வைத்ததே விலை. உலகச் சரக்குக் கப்பல் வாடகையைக் காட்டுவது பால்டிக் குறியீடு. 2020 மே மாதம் அது 400 புள்ளிக்கும் கீழே கிடந்தது. 2021 அக்டோபரிலோ 5,600-ஐத் தாண்டியது! பதினேழு மாதத்திலே பதினான்கு மடங்கு! அந்தப் பாரம் இறுதியிலே யார் தலையில்? மின்கட்டணம் செலுத்தும் ஏழையின் தலையிலே!

"வாடகை மலிந்த காலத்தில் சொந்தக் கப்பல் நட்டமாகாதா?" என்பார்கள். ஆகலாம், மறைக்கவில்லை. ஆகவேதான் எல்லாமே சொந்தமாக இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. சில கப்பல் சொந்தம், மிச்சம் வாடகை. கையிலே நாலு வண்டி வைத்திருப்பவனிடம்தான் வாடகை வண்டிக்காரன் நியாய விலை பேசுவான்!

சரித்திரமும் இதையே சொல்கிறது. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். பங்கு ஒன்று 25 ரூபாய். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசம் என்றது. 1908-இல் அவர் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைந்தது. வீரம் இல்லாமல் வீழ்ந்ததா? இல்லை. பின்னே நின்று தாங்க ஓர் அரசு இல்லாமல் வீழ்ந்தது! அன்று அரசு எதிரியின் கையிலே. இன்று?

டெல்லியின் போக்கைப் பாருங்கள். 2019 நவம்பரில், இந்தியக் கப்பல் கழகத்திலே தனக்கிருந்த 63.75 விழுக்காடு பங்கையும் விற்க ஒப்புதல் தந்தது மத்திய அமைச்சரவை. அதே ஆட்சி 2025 செப்டம்பரில் கப்பல் கட்டுதலுக்கும் கடல்சார் தொழிலுக்கும் 69,725 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. தனியார் கட்டும் கப்பலுக்குப் பணம் கொடுத்தால் வளர்ச்சி. மக்களின் கப்பலுக்குக் கொடுத்தால் மட்டும் விரயமா?

நாம் கேட்பது இரண்டு. பூம்புகார் கழகத்துக்குச் சொந்தக் கப்பல் வாங்கப் பணம் தருக. தந்த பணத்துக்குக் காசு காசாகக் கணக்கைச் சட்டமன்றத்தின் முன் வைக்க. கொடுப்பதும் மக்கள் பணம். கேட்பதும் மக்கள் உரிமை.

தோழர்களே! தேநீர்க் கடையிலே, தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலே, "சர்க்காருக்குக் கப்பல் எதற்கு?" என்று எவரேனும் கேட்டால், மேலே எரியும் மின்விளக்கைக் காட்டுங்கள். அது சொல்லும் பதில்!