தனிவழிப் பயணமும் தண்ணீர்க் கடனும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஒரு மனிதன், ஒரு மிதிவண்டி, ஒரு தண்ணீர்ப் பை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாலைநிலம். இத்தகைய பயணத்தைப் பற்றிப் படிக்கும்போது நம்மில் சிலர் 'என்ன வீரம்!' என்று வியக்கிறோம். சிலர் 'இவனுக்கு வேறு வேலை இல்லையா?' என்று நகைக்கிறோம். இரு சாராரும் பயணியை மட்டுமே பார்க்கிறோம். அவன் செல்லும் வழியைப் பார்ப்பதில்லை. பாலைநிலத்தைத் தனியே கடப்பவனின் துணிவு அவனுடையது. ஆனால் அவனுடைய பாதையும் தண்ணீரும் பிறர் தந்தவை என்பது என் கருத்து. இதை ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

பொன் தேடிய ஊரில் மிதிவண்டி

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1892ஆம் ஆண்டு கூல்கார்டியிலும், 1893ஆம் ஆண்டு கால்கூர்லியிலும் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே விரைந்தனர். அங்கே தங்கம் இருந்தது, குடிநீர் இல்லை. உப்பு நீரைக் காய்ச்சி வடித்து விலைக்கு விற்றார்கள். பெர்த் நகருக்கு அருகேயுள்ள அணையிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர் நீளக் குழாயின் வழியே நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தது 1903ஆம் ஆண்டில்தான்.

அந்தப் பத்து ஆண்டுகளில் குதிரை வைத்திருந்தவன் தன் தாகத்தோடு குதிரையின் தாகத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. மிதிவண்டியோ தண்ணீர் கேட்காது, தீனி கேட்காது. இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ள வண்டி 1885இலும், டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இலும் வந்திருந்தன. ஆகவே சுரங்கத்திற்குச் சுரங்கம் கடிதமும் தந்தியும் கொண்டு செல்ல மிதிவண்டித் தூதர்கள் தோன்றினர். அங்கே மிதிவண்டி பொழுதுபோக்காக நுழையவில்லை. பிழைப்புக் கருவியாக நுழைந்தது.

அந்தச் சூழலில் உருவானவர்தான் ஆர்தர் ரிச்சர்ட்சன். 1896 நவம்பர் 24ஆம் நாள் அவர் கூல்கார்டியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். சிறு மூட்டையும் தண்ணீர்ப் பையுமே அவருடைய உடைமைகள். நல்லர்பார் சமவெளியைக் கடந்து 31 நாட்களில் அடிலெய்டு நகரை அடைந்தார். நல்லர்பார் என்ற இலத்தீன் பெயருக்கு 'மரமில்லாதது' என்பது பொருள். சுமார் 2,00,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சுண்ணாம்புப் பாறை அது. பெய்கிற சிறு மழையும் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். நிலத்தின் மேல் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. 1897இல் ஜெரோம் முரிப் என்பவர் தெற்கே அடிலெய்டிலிருந்து வடக்கே டார்வின் வரை கண்டத்தையே தனியாக மிதிவண்டியில் கடந்தார். 1899 ஜூன் மாதம் மீண்டும் பெர்த்திலிருந்து புறப்பட்ட ரிச்சர்ட்சன், ஆஸ்திரேலியா முழுவதையும் சுற்றி 1900 பிப்ரவரியில் திரும்பினார்.

துணிவுக்குப் பின்னுள்ள கணக்கு

இவர்களைக் கண்மூடித்தனமான துணிச்சல்காரர்கள் என்று எண்ணுவது தவறு. பாலைநிலப் பயணம் கணக்குப் போடத் தெரிந்தவனின் வேலை.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. கடும் வெயிலில் நாள் முழுவதும் மிதிப்பவனுக்கு 10 லிட்டர் தண்ணீர் கூடத் தேவைப்படலாம். இன்று நல்லர்பார் வழியே அயர் நெடுஞ்சாலை செல்கிறது. 1976ஆம் ஆண்டு அது முழுவதும் தார்ச்சாலையாயிற்று. அதில் பாலடோனியா என்ற தங்குமிடத்திற்கும் அடுத்த தங்குமிடமான கைகுனாவிற்கும் இடையே சுமார் 180 கிலோமீட்டர். அதில் 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூடக் கிடையாது. இத்தூரத்தைக் கோடையில் இரண்டு நாட்களில் கடக்க நினைப்பவன் 20 லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும். அதாவது 20 கிலோ எடை. கூடாரம், உணவு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள் ஆகியவற்றின் எடை தனி. எடை கூடினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நாள் கூடும். நாள் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். பாலைநிலம் பயணிக்கு வைக்கும் தேர்வு இதுதான்.

இதற்கு விடையாகத்தான் பயணிகள் விடியலிலும் மாலையிலும் மிதித்து, உச்சிப் பொழுதில் நிழல் தேடிப் படுக்கிறார்கள். வறண்ட ஓடைப் படுகை மணல் மெத்தை போலிருந்தாலும் அதில் கூடாரம் அடிப்பதில்லை. எங்கோ பெய்த மழை இரவில் வெள்ளமாக வந்துவிடக்கூடும். அக்காலத்தில் கித்தான் பையில் தண்ணீர் கொண்டு சென்றார்கள். பையின் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும். நம் வீட்டு மண்பானையின் தத்துவமும் இதுவே. ஈரச் சாக்கைக் கொண்டு உணவைக் கெடாமல் காக்கும் பெட்டி ஒன்றும் அவ்வூரில் உருவாகி, 'கூல்கார்டி பெட்டி' என்றே பெயர் பெற்றது.

பாதை யாருடையது?

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். மணலும் புதரும் நிறைந்த நிலத்தில் ரிச்சர்ட்சன் காலத்து மிதிவண்டி எப்படி ஓடிற்று? ஒட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகளில் ஓடிற்று. ஒட்டகத்தின் பாதம் அகன்றது, மென்மையானது. அதனால் அது மண்ணைக் கிளறுவதில்லை. அழுத்திச் சமன் செய்கிறது. அத்தகைய தடம் மிதிவண்டிக்கு மிகவும் ஏற்றது.

அந்த ஒட்டகங்களை நடத்தியவர்கள் யார்? ஆப்கானிஸ்தானிலிருந்தும், அன்றைய இந்தியாவின் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து முதலிய பகுதிகளிலிருந்தும் 1860ஆம் ஆண்டு தொடங்கிச் சென்ற தொழிலாளர்கள். அனைவரையும் சேர்த்து 'ஆப்கானியர்' என்றே அழைத்தார்கள். அவர்கள் சுமந்து சென்ற பொருட்களால் பாலைநிலத்துத் தந்தி நிலையங்களும் சுரங்க ஊர்களும் உயிர் வாழ்ந்தன. முரிப் சென்றது 1872இல் முடிந்த தந்திக் கம்பியின் வழியே. ரிச்சர்ட்சன் நல்லர்பாரைக் கடந்தது 1877இல் முடிந்த தந்திக் கம்பியின் வழியே. அக்கம்பங்களும் நிலையங்களும் இல்லாவிட்டால் அவர்களுக்குத் திசை காட்டவும் ஓய்வு தரவும் எவருமில்லை. ஆனால் 1901ஆம் ஆண்டின் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தபோது, பாதை அமைத்த அந்த ஒட்டகக்காரர்களின் இனத்தாருக்கே அந்நாட்டின் கதவு சாத்தப்பட்டது.

தண்ணீர் யாருடையது?

பாதையை விடப் பெரிய கடன் தண்ணீர்க் கடன். அந்நிலத்தின் பூர்வகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரை அறிந்திருந்தார்கள். வெயிலில் வற்றாமலும் விலங்குகள் கெடுக்காமலும் இருக்க அக்குழிகளைக் கல்லாலும் தழையாலும் மூடிவைத்தார்கள். 1841இல் எட்வர்ட் அயர் என்பவர் அக்கடற்கரை வழியே சென்றபோது, மணல்மேடுகளில் எங்கே தோண்டினால் நீர் ஊறும் என்று காட்டியவர்கள் பூர்வகுடிகளே. வைலி என்ற பூர்வகுடி இளைஞர் இறுதிவரை அவருடன் நடந்தார். இன்று நெடுஞ்சாலைக்கு அயரின் பெயர் இருக்கிறது.

நீரைக் காட்டியவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1896-97இல் பாலைநிலத்தைக் கடந்த டேவிட் கார்னகி என்ற ஆய்வுப் பயணி, பூர்வகுடிகளைப் பிடித்துக் கட்டிவைத்து, உப்பிட்ட இறைச்சியைத் தின்னக் கொடுத்து, தாகத்தால் அவர்களே நீர்நிலைக்கு வழிகாட்டும்படி செய்தார். 1898இல் வெளியான தம் நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஒரு குடும்பம் பல நாள் குடிக்கக்கூடிய குழிநீரை ஒட்டகக் கூட்டம் ஒரே பொழுதில் குடித்து முடித்தது. அந்த மக்களை நாட்டின் மக்கள் தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதி 1967ஆம் ஆண்டு வரை ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் இருந்தது. வெள்ளையர் வரும் முன் அந்நிலத்தில் எவருக்கும் உரிமை இல்லை என்ற கொள்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளியது 1992ஆம் ஆண்டில்தான்.

லிட்டரையும் கிலோமீட்டரையும் அவ்வளவு கவனமாக எண்ணியவர்கள், தண்ணீரைக் காத்து வைத்த மனிதர்களை எண்ணாமல் விட்டார்கள். இதுவே என் குறை.

வீரம் குறைந்துவிடுமா?

'இப்படிக் கடன் கணக்கு எழுதினால் பயணியின் வீரம் சிறுத்துப் போகாதா?' என்று நண்பர்கள் கேட்கலாம். சிறுத்துப் போகாது. வெயிலில் மிதித்த கால்கள் ரிச்சர்ட்சனுடையவை. மணலில் வண்டியைத் தள்ளிய கைகளும் அவருடையவை. அதை எவரும் பறிக்க முடியாது. ஆனால் 'துணையின்றிச் சென்றான்' என்று எழுதும்போது நாம் வேறு பலரை அழித்துவிடுகிறோம். அழிக்கப்பட்டவர்களின் நிலத்தையும் நீரையும் பிறகு எளிதாகப் பறித்துவிடலாம்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என்போன்றோரையும் 'தன் முயற்சியால் முன்னேறியவன்' என்று பாராட்டுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு முன் நடந்து பாதையை இறுக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் கையெழுத்துப் போடவும் அறியாதவர்கள். அவர்களைச் சொல்லாத பாராட்டு பாதிப் பாராட்டே.

இன்று நல்லர்பாரைத் தனியே கடக்கும் மிதிவண்டிப் பயணிகள் பலர். நம் மாணவர்களிலும் ஒருவர் நாளை அவ்வழி செல்லலாம். செல்ல வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். செல்பவர் இரண்டு கணக்குகளை எழுதட்டும். எத்தனை லிட்டர் நீர் தேவை என்பது முதற்கணக்கு. அது உயிரைக் காக்கும். அந்த நீரும் வழியும் யாரால் வந்தன என்பது இரண்டாம் கணக்கு. அது மனிதத் தன்மையைக் காக்கும். இரண்டையும் எழுதத் தெரிந்தவனே பாலைநிலத்தைக் கடக்கத் தகுதி பெற்றவன்.