முன்னால் இருப்பவரின் பயம்

பின்தங்கிய அணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. முன்னிலை பெற்ற அணிக்குத்தான் தலைவலி. இதே வேகத்தில் ஆடுவதா, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவதா?

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை 2005 மார்ச்சில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் காட்டியது. பாகிஸ்தானுக்கு எதிரான மூன்று டெஸ்ட் தொடரில், கொல்கத்தாவில் வென்று இந்தியா 1-0 என முன்னிலையில் இருந்தது. பெங்களூருவில் நடந்தது கடைசி டெஸ்ட். டிரா செய்தாலே தொடர் நம்முடையது. யூனிஸ் கானின் 267 ரன்களால் பாகிஸ்தான் 570 குவித்தது. சேவாக் 201 எடுத்துப் பதில் சொன்னார். கடைசி நாள் காலையில் இந்தியாவின் பத்து விக்கெட்டுகளும் பத்திரமாக இருந்தன. இலக்கு 383.

சேவாக்கும் கம்பீரும் வழக்கம்போல ஆடிய வரை கவலையில்லை. சேவாக் 38 ரன்னில் ரன் அவுட் ஆனார். அதன் பிறகு ரன் எடுப்பது என்ற எண்ணமே மறைந்துபோனது. டெண்டுல்கர் 98 பந்துகளில் 16 ரன் எடுத்து, மட்டைக்கு அருகிலேயே பிடிபட்டார். இந்தியா 214க்குச் சுருண்டது. 168 ரன்களில் தோல்வி, தொடர் 1-1.

டெண்டுல்கரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் 383 எடுப்பது யாருக்கும் சுலபமில்லை. டிராவுக்கு ஆசைப்பட்டதும் தப்பில்லை. தேர்ந்தெடுத்த வழிதான் தப்பு. ரன் வராது என்று தெரிந்துவிட்டால் எதிரணி கேப்டனுக்கு பவுண்டரியில் ஆள் எதற்கு? எல்லோரையும் மட்டையைச் சுற்றி நிறுத்திவிடலாம். ஒரு ரன் எடுத்து மறுமுனைக்குப் போகாத பேட்ஸ்மேனுக்கு, சுழல்பந்து வீச்சாளர் ஆறு பந்துகளையும் நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாகத் தடுத்த பந்துகூட கேட்ச் ஆகிவிடும்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்திலும் இதே கதைதான். முன்னிலை பெற்ற அணி, கடிகாரத்தை ஓட்டுவதற்காகப் பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டே ஓடும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த எதிரணி, ஆட்களை முன்னால் குவித்து வழியை அடைத்துவிடும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு விளாசுவதா? அதற்கும் இதே ஸ்டேடியம் பதில் வைத்திருக்கிறது. 2016 மார்ச் 23, டி-20 உலகக் கோப்பை. இந்தியாவுக்கு எதிராக பங்களாதேஷுக்கு மூன்று பந்துகளில் இரண்டு ரன் போதும். முஷ்ஃபிகுரும் மஹ்முதுல்லாவும் அடுத்தடுத்து தூக்கியடித்து அவுட் ஆனார்கள். கடைசிப் பந்தில் ரன் அவுட். இந்தியா ஒரு ரன்னில் வென்றது.

ஒரு அணி பயத்தால் தோற்றது, இன்னொன்று அவசரத்தால். இரண்டுமே கைவிட்டது ஒன்றைத்தான்: தட்டிவிட்டு ஓடி எடுக்கும் அந்த ஒற்றை ரன். அது ஸ்கோரை உயர்த்துவதற்கு மட்டுமல்ல, ஃபீல்டர்களைத் தள்ளி நிற்க வைப்பதற்கும்தான். முன்னிலையில் இருக்கும் கேப்டன் ஓவருக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும், மட்டைக்கு அருகே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. அந்த எண்ணிக்கை கூடக்கூட, பாதுகாப்பு என்று அவர் நினைப்பது கரைந்துகொண்டிருக்கிறது.