மாலை 4:00 மணிக்குப் பிறகு யார் பொறுப்பு?



மாலை, 4:00 மணி. பள்ளி மணி அடித்ததும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். சிலருக்கு, வாசலில் பாட்டி காத்திருப்பார். சிலர் வீட்டிலோ பூட்டு தொங்கும். அப்பாவும், அம்மாவும் வேலை முடிந்து வர, இரவு, 7:00 மணி ஆகிவிடும். அந்த மூன்று மணி நேரம், நீங்கள் யார் பொறுப்பில் இருக்கிறீர்கள்?

நான் வேலை பார்த்த ஊரில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளி விட்ட பிறகும் தம்பியோடு வராண்டாவிலேயே உட்கார்ந்திருப்பாள்.

'ஏம்மா... வீட்டுக்குப் போகலையா?' என்றேன்.

'வீட்ல யாரும் இல்ல டீச்சர்... தம்பி கிணத்துப் பக்கம் ஓடிடறான். இங்கன்னா கேட்டைப் பூட்டிக்கலாம்...' என்றாள்.

பத்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய கவலை!

பணி ஓய்வு பெற்றதும், என் வீட்டுத் திண்ணையில், மாலை நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். பதினைந்து பேர் வந்தனர். வீட்டுப்பாடம், கதை, பல்லாங்குழி, ஆளுக்கு ஒரு கை சுண்டல். இரண்டு ஆண்டுகள் நன்றாக நடந்தது. பின், முழங்காலில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தேன்.

திரும்பி வந்தபோது, 'முதல் வாரம் முழுக்க பிள்ளைங்க வந்து, பூட்டின கதவைப் பார்த்துட்டுப் போச்சுங்க டீச்சர்...' என்றார், பக்கத்து வீட்டுக்காரர்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்கும் காரியம், அவர் படுத்தால் தானும் படுத்துவிடும். ஊரே பொறுப்பேற்றால்தான் நிலைக்கும்.

ஊர் என்றால் யார்? ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள்தான். தெருவிளக்கும், குடிநீரும் மட்டுமே இவற்றின் வேலை அல்ல. 1992ல் நிறைவேறிய, 73வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய, 29 துறைகளைப் பட்டியலிட்டது. அதில், பள்ளிக்கல்வி, நூலகம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு எல்லாம் உண்டு.

'இதெல்லாம் உள்ளாட்சியால் முடியுமா?' என்று பெரியவர்கள் கேட்பர். 1920ல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த போது, சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவு போட்டது. பசியோடு பாடம் ஏறாது என்று, அன்றே ஓர் உள்ளாட்சிக்குத் தெரிந்திருக்கிறது!

சுவீடன் நாட்டில், பெற்றோர் வேலைக்குப் போகும் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலை நேரக் காப்பகம் ஏற்பாடு செய்வது, நகராட்சியின் சட்டப்படியான கடமை. ஆறு வயதிலிருந்து சேரலாம். வருமானத்துக்கு ஏற்ப பெற்றோர் கொஞ்சம் கட்டணம் செலுத்துவர். அதற்கும் உச்ச வரம்பு உண்டு. மீதிச் செலவு வரிப் பணத்தில் நடக்கிறது.

நம் தமிழகத்தில், 2021ல், 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித் தந்தனர். கொரோனா காலத்தில் விட்டுப்போன பாடத்தை ஈடு செய்ய வந்த நல்ல திட்டம் அது. நான் கேட்பது வேறு. பெற்றோர் வரும் வரை, விளையாட ஓர் இடம், தின்ன ஏதாவது, கழிப்பறை, விளக்கு, தெரிந்த முகமாய் இரண்டு அக்காக்கள். இது டியூஷனாக மாறிவிடக் கூடாது.

'ஆசிரியர்களே பார்க்கட்டுமே' என்றால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பகல் முழுக்கக் கத்தி ஓய்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அந்த அக்காக்களுக்கு, உள்ளாட்சிதான் சம்பளம் தர வேண்டும்.

பணம்? இடத்துக்குச் செலவில்லை. பள்ளிக் கட்டடமும், சமுதாயக் கூடமும், மாலையில் பெரும்பாலும் சும்மாதானே கிடக்கின்றன! வீட்டு வரியில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். சின்ன ஊராட்சிகளுக்கு வருமானம் குறைவு என்பது உண்மை. அங்கே, மாநில அரசு கை கொடுக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வகுப்பில், மாலையில் வீட்டில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும். அதை அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். ஓட்டுரிமை உள்ள எல்லாரும் அதில் உறுப்பினர்களே. அங்கே அவர்கள் எழுந்து கேட்கட்டும். நகரத்தில் இருப்பவர்கள், நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும்.

அதுவரை, கிணறு, குளம் பக்கம் தனியாகப் போகாதீர்கள். தம்பி, தங்கையின் கையை விடாதீர்கள். சரியா, செல்லங்களே!