இணையம் அறுந்தால் ஆட்டமும் போச்சா?

‘எல்லார் வீட்டிலும் இணையம் வந்துவிட்டது, கேம் கன்சோல் எப்போதும் இணைப்பில் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?’ என்பது ஒரு தரப்பின் வாதம். வீட்டு இணைப்பு அறுவதை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். நிறுவனத்தின் சர்வர் படுத்தால்?

2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ என்ற கணினி ஆட்டம் வெளியானது. தனியாக உட்கார்ந்து நகரம் கட்டுகிறவருக்கும் இணைய இணைப்பு கட்டாயம். முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழையவே வரிசையில் காத்திருந்தார்கள். கணக்கீடுகள் எங்கள் சர்வரில் நடக்கின்றன, இணைப்பு இல்லாமல் முடியாது என்றது நிறுவனம். மறு ஆண்டே இணைப்பில்லாமல் ஆடும் வசதியை அதே நிறுவனம் தந்தது. முடியாதது எப்படி முடிந்ததாம்?

அதே 2013-இல் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்றது. இணைப்பு இல்லாதவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்றார் அதன் உயரதிகாரி டான் மேட்ரிக். (வாடிக்கையாளரிடம் பேசும் அழகு!) எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் 19 அன்று நிபந்தனை கைவிடப்பட்டது.

சர்வர் படுப்பதில் சோனியும் விதிவிலக்கல்ல. 2011-இல் ஊடுருவலுக்கு உள்ளான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியது. அப்போதும் பிளேஸ்டேஷன் 3-இல் வட்டைப் போட்டுத் தனியாக ஆட முடிந்தது, கன்சோல் அனுமதி கேட்டு நிற்காததால்.

பலரோடு ஆட இணையம் கேட்கட்டும், நியாயம். தனியாக ஆடுகிறவரிடம் கேட்பது அடாவடி.