"போயிட்டு வாறேன்" சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஜப்பான் மொழி தூரமில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை ஜப்பானுக்கு அனுப்ப நினைக்கிற பெற்றோரும், ஜப்பான் மொழி வகுப்புக்குக் காசு கட்டியிருக்கிற தம்பி தங்கைமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். அந்த அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். மகளை முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பானுக்கு அனுப்ப ஆசை. சங்கிலியை அடகு வைத்து வகுப்புக்குக் காசு கட்டியிருக்கிறார்கள். நாலு மாதம் போய்விட்டது. "டீச்சர், இவளுக்கு மண்டையில ஏற மாட்டேங்குதாம். நிப்பாட்டிடவா?" என்று கேட்டார்.

பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது. கொடுத்த நோட்ஸ் ஆங்கிலத்தில். இவள் ஜப்பான் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஆங்கில அர்த்தத்தை எழுதி வைத்திருக்கிறாள். அந்த ஆங்கிலமும் அவளுக்குப் பாதிதான் விளங்கும். ஒரு வசனம் அவளிடம் வந்து சேருவதற்குள் மூன்று மொழிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. மண்டையில் ஏறாததற்கு அவள் மண்டை காரணமில்லை.

கல்வியியல் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தந்த பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது. அதையே செய்து பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு நானும் உட்கார்ந்தேன். எனக்கும் ஜப்பான் மொழி புதிது. படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. இதைத் தமிழ் வழியாகப் படித்தால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "இத்தே கிமாஸ்" என்கிறார்கள். "இத்தே" என்றால் போய், "கிமாஸ்" என்றால் வருகிறேன். அப்படியே நம்முடைய "போயிட்டு வாறேன்". வீட்டில் இருப்பவர் "இத்தே ரஷ்ஷாய்" என்பார், அதாவது "போயிட்டு வாங்க". வெறுமனே "போறேன்" என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படி முகம் சுளிப்பார்கள்! அந்த உணர்வை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பக்கம் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

வசன அமைப்பைப் பாருங்கள். "கினோ ஹத்தொன் எ இகிமஷ்தா." கினோ: நேற்று. ஹத்தொன் எ: ஹட்டனுக்கு. இகிமஷ்தா: போனேன். நாம் சொல்கிற அதே வரிசை. வினை கடைசியில் வருகிறது. "நான்" என்று சொல்லாமலே விடலாம், அதுவும் நம்மைப் போலத்தான். "நானும்" என்பதில் நாம் "உம்" சேர்ப்பது போல அவர்கள் "மொ" சேர்க்கிறார்கள்: "வதஷி மொ". கேள்விக்கு நாம் கடைசியில் "ஆ" சேர்க்கிறோம், அவர்கள் "கா" சேர்க்கிறார்கள். "தபெதே மிமாஸ்" என்றால் "சாப்பிட்டுப் பார்க்கிறேன்". அங்கேயும் கண்ணால் பார்ப்பதற்குரிய சொல்லைத்தான் போடுகிறார்கள்!

"கொரே, சொரே, அரே" என்று மூன்று சுட்டு. கொரே என் பக்கத்தில் உள்ளது, சொரே உங்கள் பக்கத்தில் உள்ளது, அரே இரண்டு பேருக்கும் தூரத்தில் உள்ளது. நமக்கு "இது, அது" இரண்டுதான் பழக்கம். ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்கள் "உது" என்பார்களே, அதுதான் சொரே. சிங்களத்தில் "மேக்க, ஓக்க, அரக்க" என்று கடையில் கேட்டிருப்பீர்கள், அதுவும் இதே கணக்கு. ஆகவே சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குச் சிங்கள வகுப்பில் பிரச்சினை இல்லை. அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைதான் இரண்டு பக்கமும் இழக்கிறது.

எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஹிராகனாவில் அடிப்படை எழுத்து 46, கதகனாவில் 46. தமிழில் 247 எழுத்தைப் படித்து முடித்த பிள்ளைகள் நம்முடையவர்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஓதப் போய் அரபு எழுத்தும் படித்திருக்கிறார்கள். ஹிராகனாவின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குகிறது. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன எழுத்துக் கல்வியின் தடம் அது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்த வரிசை பழக்கமானது.

இந்த ஒற்றுமையை நான் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானிய மொழியியல் அறிஞர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். ஜப்பான் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஓனோ வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எனவே "ஜப்பான் மொழி தமிழிலிருந்து பிறந்தது" என்று முகநூலில் பெருமை பேச வேண்டாம். உறவு இல்லாவிட்டாலும் படிக்க உதவுகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

தமிழ் உதவாத இடமும் உண்டு. சாவிக்கு "ககி", அங்கே கிடைக்கும் ஒரு பழத்துக்கும் "ககி". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஆனால் சாவியில் வருவது "கங்கை"யின் இரண்டாவது ஒலி, பழத்தில் வருவது "அக்கா"வில் உள்ள ஒலி. அதனால் தமிழ் எழுத்தில் குறிப்பு எடுப்பதை இரண்டாவது வாரத்திலேயே நிறுத்தச் சொன்னேன். தமிழில் யோசிக்கலாம், ஹிராகனாவில்தான் எழுத வேண்டும். அதே நேரம் குறில், நெடில் நமக்குக் கைகொடுக்கும். "ஒபசன்" என்றால் அத்தை அல்லது நடுத்தர வயதுப் பெண், "ஒபாசன்" என்றால் பாட்டி. முதியோர் இல்லத்தில் வேலை செய்யப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

பழக்கவழக்கத்துக்கு வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒருவர் பேசும்போது கேட்பவர் "ஹாய், ஹாய்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது ஒவ்வொரு முறையும் "சரி, சம்மதம்" ஆகாது, நாம் கதை கேட்கும்போது "ம்" கொட்டுகிறோமே, அதுதான். நேராக "முடியாது" என்று சொல்லாமல் "ச்சொத்தோ..." என்று இழுப்பார்கள். "கொஞ்சம்..." என்று அர்த்தம். போக மனமில்லாத கல்யாணத்துக்கு நாம் "பார்ப்போம்" என்கிறோமே, அந்த ரகம். மற்றவர் பெயரோடு "சன்" சேர்க்க வேண்டும், தன் பெயரோடு சேர்க்கவே கூடாது. சாப்பிடும் முன் "இததாகிமாஸ்", அதாவது பணிவோடு பெற்றுக்கொள்கிறேன். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிற பிள்ளைக்கு, உணவுக்கு முன் ஒரு வார்த்தை உண்டு என்பது புதிதாக இருக்காது. "புதானிகு வா தபெராரெமாசென்" (பன்றி இறைச்சி சாப்பிட முடியாது) என்ற வசனத்தை முஸ்லிம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே பாடமாக்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளைகள் "புதானிகு" இருக்கும் இடத்தில் "க்யூனிகு" போட்டால் சரி.

இனி காசு விஷயம். 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் செய்த ஒப்பந்தத்தின்படி, 18 வயது நிறைந்தவர்கள் குறிப்பிட்ட திறன் தொழிலாளராகப் போகலாம். அதற்கு மொழிப் பரீட்சையும் வேலைக்குரிய திறன் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். மொழிக்கு ஜே.எல்.பி.டி என் 4 அல்லது ஜே.எஃப்.டி பேசிக். என் 4 இல் 180க்கு 90 வேண்டும், கேட்டலில் 60க்கு 19க்குக் குறையக் கூடாது. ஜே.எஃப்.டியில் 250க்கு 200 வேண்டும். இந்தப் புள்ளியை எந்த ஏஜென்டும் காசுக்கு வாங்கித்தர முடியாது. பிள்ளைதான் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த விசாவின் முதல் பிரிவில் பொதுவாகக் கூடியது ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான். அடகுக் கடைக்குப் போகும் முன் மூன்று மாதம் வீட்டில் படிக்க விடுங்கள். ஜப்பான் பவுண்டேஷனின் "இரோதோரி" பாடநூலை ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அந்த மூன்று மாதத்தில் பிள்ளை ஹிராகனாவை வாசித்து, தன்னைப் பற்றிப் பத்து வசனம் சொன்னால், பிறகு வகுப்புக்குக் காசு கட்டுங்கள். ஆசையே இல்லையென்றால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும், சங்கிலி மிஞ்சும். ஏஜென்டிடம் ஒரு சதம் கொடுக்க முன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை பிள்ளைகளிடம் காசு வாங்குகிறீர்கள். தமிழில் விளக்கத் தெரிந்த ஒருவரையாவது வையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மொழி வராது என்று சொல்லாதீர்கள். வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், பாடசாலையில் ஆங்கிலம் என்று சின்ன வயதிலிருந்தே சமாளிக்கிற பிள்ளைகள் இவர்கள்.

அந்தப் பிள்ளை முதல் தடவை ஜே.எஃப்.டியில் 200க்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தாள். அழுதாள். ஆனால் நிப்பாட்டவில்லை. அடுத்த தடவைக்குப் படிக்கிறாள், துஆ செய்யுங்கள். இப்போதெல்லாம் படித்து முடித்துக் கிளம்பும்போது என்னிடம் "இத்தே கிமாஸ், டீச்சர்" என்கிறாள். அவள் அம்மாவுக்கும் அதன் அர்த்தம் தெரியும். லயத்துக்குத் திரும்பி வந்து "ததாய்மா" (வந்துட்டேன்) என்றால், "ஒகாயெரி" என்று பதில் சொல்ல அம்மாவும் பழகிவிட்டாராம்.

ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நம்ம பக்கத்தில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் வந்து பிள்ளைகளோடு பேசிவிட்டுப் போங்கள். கேட்டல் பயிற்சிக்கு ஆள்தான் இல்லை. பழைய புத்தகம் இருந்தாலும் தாருங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், நானும் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.