இறையியலுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை?

ஒரு சமயம் எதை நம்புகிறது, ஏன் நம்புகிறது என்று அதன் உள்ளே நின்று ஆராயும் படிப்பு இறையியல். அதே சமயத்தை வெளியே நின்று வரலாறாகவும் வழக்கமாகவும் பார்ப்பது சமயவியல். இரண்டிலும் படிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒன்றே. நிற்கும் இடம்தான் வேறு.

பெர்லினில் 1810-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலேயே, ஆராய்ச்சிக்கென அமைந்த இடத்தில் இறையியல் எதற்கு என்ற கேள்வி எழுந்துவிட்டது. இறையியலாளர் ஷ்லையர்மாக்கர் அதற்குப் பதில் சொன்னார். அவரே ஒரு போதகர். மருத்துவத்தையும் சட்டத்தையும் போல இறையியலும் ஒரு பணிக்கு ஆள் தயார் செய்யும் துறை என்பது அவர் வாதம். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் மருத்துவர் கற்றது சரியா என்பதை நோயாளியின் உடல் சொல்லிவிடும். போதகர் கற்றது சரியா என்பதைத் திருச்சபை அல்லவா சொல்கிறது?

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் இறையியல் புலங்கள் உண்டு. சம்பளம் அரசுடையது. நியமனத்தில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. கத்தோலிக்கப் புலமானால் ஆயரின் இசைவு வேண்டும். கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் க்யுங்குக்கு அளித்திருந்த கற்பிக்கும் அனுமதியை 1979-ல் வத்திக்கான் திரும்பப் பெற்றது. ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. கத்தோலிக்கப் புலத்துக்கு வெளியே பேராசிரியராக வைத்துக்கொண்டது.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்கே சீர்திருத்தத் திருச்சபை சார்ந்த புலத்தில் புதிய ஏற்பாடு கற்பித்தவர் கெர்ட் லூடெமான். தாம் இனிக் கிறிஸ்தவர் அல்ல என்று 1998-ல் வெளிப்படையாக அறிவித்தார். பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. பதவியின் பெயரை மட்டும் மாற்றியது: ‘தொடக்கக் கிறிஸ்தவத்தின் வரலாறும் இலக்கியமும்’. அதே ஆசிரியர், அதே கிரேக்க மூலம். ஆனால் போதகர் ஆகப் படிக்கும் மாணவருக்குப் பாடம் நடத்தும் பொறுப்பு அவரிடம் இல்லை. அவர் வழக்குத் தொடுத்தார். ஆய்வுச் சுதந்திரம் அவருக்கு உண்டு, ஆனால் திருச்சபையின் தன்னாட்சி உரிமையையும் புலத்தின் அடையாளத்தையும் தள்ளிவிட முடியாது என்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது.

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஜெர்மன் அரசு இறையியலை விட்டுவிடவில்லை. 2010-க்குப் பிறகு ட்யூபிங்கன், மியூன்ஸ்டர் போன்ற ஊர்களில் இஸ்லாமிய இறையியலுக்கும் மையங்கள் அமைந்தன. பள்ளியில் சமயம் கற்பிப்பவர் பல்கலைக்கழகத்தில், சக அறிஞர்களின் கேள்விக்கு உட்பட்டுப் படித்து வரட்டும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. அது நியாயமாகவே படுகிறது. திருச்சபையின் இசைவு வேண்டிய பணியிடம் எது, வேண்டாதது எது என்று முன்கூட்டியே பிரித்துப் பெயரிட்டுவிட்டால் குழப்பம் குறையும் என்று தோன்றுகிறது. கோட்டிங்கன் அதைத்தான் செய்தது. என்ன, ஆளை நியமித்துப் பல ஆண்டுகள் கழித்துச் செய்தது.