அம்புக்குறியைப் பார்த்தீர்களா?

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை. கராஜின் கதவைப் பாதி இறக்கியாயிற்று. ஒருவர் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே தலையை உள்ளே நீட்டுகிறார். "அண்ணை, லைட்டுக்கு ஒட்டுற அந்த ஸ்டிக்கர் இருக்கோ? விடிய மூண்டு மணிக்குப் பெரி. பாரிஸ் லாச்சப்பல் தேருக்குப் போறம்." மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பொதியை எடுத்துக் கொடுக்கிறோம். காசை வாங்குகிறோம். "பின்னுக்குப் படம் போட்டிருக்கு, பாத்து ஒட்டுங்கோ" என்கிறோம். அவர் போய்விடுகிறார்.

லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் கராஜ் வைத்திருக்கும் நம்மில் இதைச் செய்யாதவர் குறைவு. நானும் பல வருடம் செய்தேன். பிரேக் பாட்டை இப்படிக் கையில் கொடுத்து, படத்தைப் பார்த்துப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று யாரையும் அனுப்பமாட்டோம். விளக்கு என்றால் மட்டும் நமக்கு அது கடைச் சாமான் ஆகிவிடுகிறது. அது கராஜ் வேலை. பீம் செட்டருக்கு முன்னால் நிறுத்திச் செய்யவேண்டிய வேலை என்பதுதான் இந்த இதழில் நான் சொல்ல வந்தது.

தெரிந்த விஷயத்தையே ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். இங்கிலாந்துக் காரின் டிப் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தால் வலப்பக்கம் மட்டமான கோடு. நடுவிலிருந்து இடப்பக்கம் போகப்போக அது மேலே ஏறும். அந்த ஏற்றம் நடைபாதைக்கும் அதில் நடப்பவருக்கும் பெயர்ப்பலகைக்கும் உரியது. கலேயில் இறங்கி வலப்பக்கம் ஓடத் தொடங்கியதும் அதே ஏற்றம் எதிரே வருகிறவரின் முகத்துக்குப் போகிறது. கூசுகிறது என்று அவர் தன் ஹை பீமை இரண்டுதரம் அடித்துக் காட்டுகிறார். நம்மவர் 'இவனுக்கு என்ன பிரச்சினை' என்று நினைத்துக்கொண்டு போகிறார். கூச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மறுபாதியைப் பற்றிப் பேசுவோர் இல்லை: வலப்பக்க ஓரத்துக்கு இப்போது மட்டமான, தாழ்ந்த வெளிச்சம்தான் கிடைக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டினாலும் அது கூடப்போவதில்லை. ஸ்டிக்கர் இடப்பக்க ஏற்றத்தை வெட்டுகிறதே தவிர வலப்பக்கத்துக்கு ஓர் ஏற்றத்தைக் கட்டிக் கொடுப்பதில்லை.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். விளக்கின் நடு நிலத்திலிருந்து 65 சென்டிமீட்டர் உயரம், சாய்வு 1 வீதம் என்று வையுங்கள். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கும் வெளிச்சத்தின் மேல்கோடு 65 மீட்டரில் தெருவைத் தொட்டுவிடும். அதற்கப்பால் தெருவில் கிடப்பது டிப்பில் சரியாகத் தெரியாது. பிரித்தானிய நெடுஞ்சாலைக் கையேட்டில் 60 மைல் வேகத்தில் நிற்க எடுக்கும் தூரம் 73 மீட்டர், 70 மைலில் 96 மீட்டர். பிரான்ஸ் பெருந்தெருவில் அனுமதி 130 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 80 மைல். கலேயிலிருந்து பாரிஸ் வரையுள்ள முந்நூறு கிலோமீட்டரளவை விடியற்காலை இருட்டில், பின் இருக்கையில் பிள்ளைகள் நித்திரையாக, 65 மீட்டர் வெளிச்சத்தில் ஓடப்போகிறவருக்கு "பாத்து ஒட்டுங்கோ" என்பதைவிடக் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

அடுத்தது, எந்த விளக்குக்கு எது. எச்4 மின்குமிழ் இருந்த காலத்தில் வேலை சுலபம். டிப் இழைக்குக் கீழே இருக்கும் சின்னத் தகட்டின் ஒரு பக்கம் 15 பாகை தாழ்ந்திருக்கும். சுவரில் தெரியும் ஏற்றம் அந்தச் சரிவின் நிழல்தான். சில விளக்குகளில் குமிழ் பிடிக்கும் வளையத்துக்கே இரண்டு இருப்பு உண்டு. பின்னால் கைவிட்டுத் திருப்பினால் போதும். அந்தக் கார்களைப் பார்த்துப் பழகிய கை நமக்கு. இன்று வருபவை வேறு. தெளிந்த முகக் கண்ணாடியும் உள்ளே பல முகம் வெட்டிய ரிப்ளெக்டரும் உள்ள விளக்கில் ஒவ்வொரு முகமும் வெளிச்சத்தின் ஒவ்வொரு துண்டைச் செய்கிறது. எனவே எந்த முகம் ஏற்றத்தைச் செய்கிறதோ அதற்கு நேரே மறைத்தால் பலன் உண்டு. புரொஜெக்டர் அப்படியல்ல. உள்ளே உள்ள தடுப்புத் தகட்டின் விளிம்பைத்தான் வில்லை தலைகீழாகத் தெருவில் போடுகிறது. வில்லையின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதனூடே முழுப் படமும் போகிறது. அங்கே ஒரு மூலையை மறைத்தால் ஏற்றம் மறையாது, எல்லாமே கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் வாசித்து ஒப்புக்கொள்ளவில்லை. போன கோடையில், தெரிந்தவர் ஒருவரின் காரை பீம் செட்டருக்கு முன்னால் நிறுத்தி, கறுப்பு நாடாவைப் படத்தில் உள்ளபடி மில்லிமீட்டர் அளந்து புரொஜெக்டருக்கு நேரே ஒட்டினேன். பெட்டிக்குள் குனிந்து பார்த்தால் திரையில் ஏற்றம் அப்படியே நிற்கிறது; பழைய படத்தைப் போல் சற்று வெளுத்து. நாடாவை இரண்டு சென்டிமீட்டர் இடம் மாற்றினேன். அதே ஏற்றம், அதே வெளுப்பு. வேலை பழகும் தம்பி பக்கத்தில் நின்று, "அண்ணை, இவ்வளவு காலமும் எத்தினை பேருக்குக் குடுத்து விட்டனாங்கள்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. வெளிச்சத்தை மறைக்காமல் அரியம் போல வளைத்து இறக்கும் ஸ்டிக்கர்கள் புரொஜெக்டருக்கென்றே வருகின்றன. அவை வேலை செய்யலாம், ஆனால் இடம் பிசகினால் அவையும் பயனற்றவை. பிசகியதா இல்லையா என்பது திரையில்தான் தெரியும்.

அந்தக் காரின் கதை அதோடு முடியவில்லை. விளக்கின் பின்மூடியைக் கழற்றியபோது உள்ளே சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் நெம்பு ஒன்று இருந்தது. அதை மேலே தட்டினேன். திரையில் ஏற்றம் சட்டென்று விழுந்து கோடு மட்டமாகிவிட்டது. செலவு ஒன்றுமில்லை. செனான் விளக்கு வந்த ஜெர்மன் கார்கள் பலவற்றில் இந்த நெம்பு உண்டு. ஏழு வருடம் அந்தக் காரை வைத்திருந்து, வருடம் இருமுறை ஜெர்மனியில் உள்ள ஹம் காமாட்சி அம்மனிடமும் பாரிசுக்கும் போய்வந்தவருக்கு அது தெரியாது. அவருக்கு ஸ்டிக்கர் விற்ற எனக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி விளக்கின் முகத்திலேயே அச்சாகி இருக்கிறது. வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் கொண்ட அங்கீகார முத்திரையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 11 பிரித்தானியா. அதற்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. விளக்குக்கு முன்னால் நின்று பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் அம்பு காட்டினால் அது இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கு மட்டும் செய்த விளக்கு. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓடும் நாட்டுக்கு மட்டும். இருமுனையும் கூரான அம்பு என்றால் இரண்டுக்கும் ஆகும். ஆனால் தானாக மாறிக்கொள்ளும் என்று அதற்குப் பொருளில்லை. மாற்றுவதற்கு ஏதோ ஒரு வழியைச் செய்து வைத்திருக்கிறார்கள், நெம்போ திருகோ மெனுவோ, தேடு என்று பொருள். ஸ்டிக்கர் பொதியில் கைவைக்கும் முன் குனிந்து இந்த அம்பைப் பார்ப்பது பத்து விநாடி வேலை.

எல்.ஈ.டி. வந்த பிறகு மெனுதான் பெரும்பாலும். சில கார்களில் திரையில் போக்குவரத்துப் பக்கத்தைத் தெரிவு செய்யவேண்டும். சிலவற்றில் செய்மதி வழிகாட்டியைப் பார்த்துக் காரே மாற்றிக்கொள்கிறது. இன்னும் சிலவற்றுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று கையேடு சொல்கிறது. விளக்குப் பூட்டுதல் பற்றிய ஐக்கிய நாடுகளின் 48ஆம் விதி, தற்காலிகமாக எதிர்ப்பக்க நாட்டில் ஓடும்போது என்ன செய்வது என்பதைத் தயாரிப்பாளர் வாகனத்தோடு எழுதிக் கொடுக்கவேண்டும் என்கிறது. எழுதித்தான் கொடுக்கிறார்கள். எப்படி? நானூறு பக்கக் கையேட்டின் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு வரி: அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் செல்லவும். வெள்ளி மாலை ஐந்தரைக்கு எந்த டீலர் திறந்திருப்பார்? சாரதி தானே செய்யக்கூடியதாக இருந்த ஒரு சின்னத் திருகை மென்பொருளுக்குள் ஒளித்து, பிறகு அதைத் திறக்கக் கட்டணம் கேட்பதை நான் முன்னேற்றம் என்று சொல்லமாட்டேன். இந்த இதழின் கருத்தாகவே இதை அச்சிடுகிறேன்.

சுமையையும் மறந்துவிடுகிறோம். தேருக்கோ கல்யாணத்துக்கோ போகிற கார் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். ஐந்து பேர், பின்பெட்டி மூட முடியாதபடி பெட்டிகள், பலகாரம், ஒரு குத்துவிளக்கு. பின்பக்கம் அமுங்க முகம் தூக்கும், முகம் தூக்க வெளிச்சமும் தூக்கும். ஸ்டிக்கரை எவ்வளவு துல்லியமாக ஒட்டினாலும் சாய்வு போய்விட்டால் எதிரே வருகிறவருக்கு மட்டமான கோடும் முகத்தில்தான். ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறதே, அது இதற்குத்தான். பெரும்பாலான கார்களில் அது வாங்கிய நாளிலிருந்து பூச்சியத்திலேயே நிற்கிறது. தானாக மட்டம் பார்க்கும் காரானால் பின் அச்சில் உள்ள உணரியின் கம்பி துருப்பிடித்து முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். வயது போன கார்களில் அது முறிவது சாதாரணம்.

வருடாந்த எம்.ஓ.டி. சோதனையின் விதி இதில் நியாயமாகவே இருக்கிறது. விளக்கு நடு 850 மில்லிமீட்டருக்கு மேற்படாவிட்டால் டிப் கோடு அரை வீதத்துக்கும் 2 வீதத்துக்கும் இடையே விழவேண்டும். வலப்பக்கம் ஏறும் வெளிச்சம் தேறாது. ஆனால் வலப்பக்க நாட்டுக்காகச் செய்த விளக்கில் அந்த ஏற்றத்தை மறைக்கத் தற்காலிக மறைப்பு ஒட்டியிருந்தால், அது உறுதியாக ஒட்டி, போதிய வெளிச்சம் வந்தால், அதற்காகத் தள்ளுவதில்லை.

இந்தச் சலுகையில்தான் நம் சமூகத்தில் சிலர் தங்கிவிட்டார்கள். பிரான்சிலும் ஹொலண்டிலும் ஜெர்மனியிலும் குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் காரையும் ஓட்டிக்கொண்டே வந்தன. இங்கே பதிவதற்கு முன்விளக்கு இடப்பக்கத்துக்கு மாறவேண்டும், வேகமானி மைல் காட்டவேண்டும், பின் பனிவிளக்கு நடுவிலோ வலப்பக்கத்திலோ எரியவேண்டும். வேகமானியும் பனிவிளக்கும் எப்படியோ முடிந்துவிடும். விளக்கு இரண்டையும் புதிதாக வாங்கினால் சில கார்களில் செலவு காரின் பெறுமதிக்குக் கிட்ட வந்துவிடும். அதனால் "ஸ்டிக்கரை ஒட்டிப் பாஸ் பண்ணித் தாங்கோ" என்கிறார்கள். செய்யாதீர்கள். ஒரு வாரப் பயணத்துக்கான நாடா நிரந்தர விளக்கு ஆகாது. பழைய கார் உடைக்கும் இடங்களில் அதே மொடலின் இங்கிலாந்து விளக்கு கிடைக்கும். அம்பைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1967 செப்டம்பர் 3 விடிய ஐந்து மணிக்கு சுவீடன் முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதற்கு முன்பே வாகனங்களுக்குப் புதிய வலப்பக்க விளக்குகளைப் பூட்டிவிட்டார்கள். அதுவரைக்கும் இடப்பக்கம் ஓடவேண்டுமே? கண்ணாடியில் ஒரு கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டியே விற்றார்கள். இந்தத் தேதிக்கு முன் கழற்றவேண்டாம் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. மாற்றத்தை மேலும் தள்ளிப்போடாததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றும் விளக்குதான். அன்று பெரும்பாலான கார்களில் மலிவான, ஒரே அளவான வட்ட விளக்கு. மொடலுக்கு மொடல் வேறான விலைகூடிய விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன. பிந்தினால் செலவு ஏறும் என்று கணக்குப் பார்த்தார்கள். இன்று ஒரு மேட்ரிக்ஸ் விளக்கின் விலையைக் கேட்டவருக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

அந்த ஸ்டிக்கரில் இருந்த தேதி நம் ஸ்டிக்கரில் இல்லை. ஆகஸ்டில் ஒட்டியதோடு மே மாதம் எம்.ஓ.டி.க்கு வந்த கார் ஒன்று என் நினைவில் இருக்கிறது. ஒன்பது மாதம், ஒரு முழுக் குளிர்காலம், நடைபாதைப் பக்க வெளிச்சம் இல்லாமல் லண்டனில் ஓடியிருக்கிறது. இழுத்தபோது பசையோடு முகக் கண்ணாடியின் மேற்பூச்சும் உரிந்து வந்தது. முகம் கண்ணாடி என்று பெயரளவுக்குத்தான், இன்று அது பிளாஸ்டிக். தின்னர் தொட்டால் பால் போல வெளுத்துவிடும். தலைமுடி காயவைக்கும் மெஷினால் இளஞ்சூடு காட்டி மெதுவாக உரித்து, சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள்.

எங்கள் கராஜில் இப்போது ஸ்டிக்கரைத் தனியாக விற்பதில்லை. அம்பு பார்த்து, நெம்பு அல்லது மெனு தேடி, இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் ஒட்டி, திரையில் பார்த்து, வேலைச் சீட்டில் எழுதுகிறோம். இருபது நிமிடம். வெள்ளி ஐந்தரைக்கு வருகிறவர் முணுமுணுக்கத்தான் செய்கிறார். போகும்போது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மஞ்சள் நாடா ஒட்டி, திரும்பி வரும் தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறான் தம்பி.